ஒரு நாளும் தவறாத பூசை

அண்ணா,

நேற்று கூரியர்காரன் ஜமுனாமரத்தூரில் நின்றுகொண்டு, அதற்கு மேல் வண்டி வராது, வந்து வாங்கிக்கொள் என்று போன் செய்தான். போய் வாங்கி வந்தேன். தடித்த வெள்ளை உறை. பிரித்ததும் ஊதுவத்தி வாசம் அடித்தது. அந்த வெளிநாட்டுக் கோயில் அலுவலகத்தில் காகிதத்தையும் ஊதுவத்திப் பாக்கெட்டையும் ஒரே அலமாரியில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் கொளுத்தாத ஊதுவத்தி. கொளுத்தினால் புகைக்கு அலாரம் அடிக்கும் என்பதால் அங்கே யாரும் எதையும் கொளுத்துவதில்லை.

உள்ளே கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம். எனக்கு இன்னும் மூன்று வருடம் விசா கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் ஒன்று, நான் படித்துப் பூரித்துப்போகத் தமிழில் ஒன்று. 'ஏழாண்டுகள் ஆகமம் பயின்ற இவர், எங்கள் ஆலயத்தில் இரண்டு ஆண்டுகள் ஒரு நாள்கூடத் தவறாமல் பூசை செய்த அர்ப்பணிப்பு மிக்க அர்ச்சகர்.' ஏழாண்டு பொய். அர்ப்பணிப்பு பொய். அர்ச்சகர் பொய். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையைப் படித்தபோதுதான் எனக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் உனக்கு இதை எழுதிவிடுகிறேன்.

முதலில் அழைப்பு வந்தது உனக்குத்தானே. நம் திருவிழாவில் நீ கரகம் தூக்கி ஆடியதை எவனோ செல்போனில் பிடித்துப் போட, அது கடல் தாண்டிப் போய், பட்டு வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிய நாலு பெரிய மனிதர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் ஊரில் புதிதாய் ஒரு காளி கோயில் கட்டியிருந்தார்கள். அதற்கு 'அசல் மலைப் பூசாரி' வேண்டுமாம். நாட்டுக்கோழி கேட்பதுபோல் கேட்டார்கள். வீடியோ காலில் உன்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், திரும்பி நிற்கச் சொன்னார்கள். நீயும் நின்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சந்தையில மாடு பாக்கற மாதிரி பாக்கறானுங்க. நீயும் முதுவ காட்டினு நிக்கறியே" என்று கத்தினேன்.

"வுட்றா. அங்க ஆத்தாளுக்கு வெளக்கேத்தக்கூட ஆளு இல்லியாம். குளுர்ல தனியா ஒக்காந்துனு கீறா, பாவம்" என்றாய்.

காளியைப் பார்த்துப் பாவப்பட்டவன் இந்த ஜவ்வாது மலையிலேயே நீ ஒருவன்தான். நான் சிரித்தேன். நீ நிஜமாகத்தான் சொல்கிறாய் என்று தெரிந்ததும் இன்னும் சிரித்தேன்.

போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு விமானப் படம். நாம் போன விசா ஏஜெண்டுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். நீ பாயில் உட்காரும் ஆள், அவன் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விழித்தாய். விண்ணப்பத்தில் 'சமயப் பணியாளர்' என்று போட்டிருந்தது. நம் ஊரில் பூசாரிக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது நமக்கே அன்றுதான் தெரியும்.

"இப்ப வேலை குடுக்கறவர் பேரு?" என்று கேட்டான்.

"காளியம்மன்" என்றாய்.

"அட்ரஸ்?"

"மேல்காடு. சொனைக்குப் பக்கத்துல."

"வேலையிலேர்ந்து அனுப்ப ஆட்சேபணை இல்லன்னு லெட்டர் குடுப்பாங்களா?" ஏஜெண்ட் கிண்டலாகத்தான் கேட்டான். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். "கேட்டுப் பாக்கறங்க" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமையே கேட்டாய். ஆத்தாளின் இரண்டு தோளிலும் ஈர அரளிப்பூ வைத்தாய். வலது பூ விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். நான் வழக்கம்போல் வாசலுக்கு வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தேன். மூத்த வழிக்குப் பூசை, இளைய வழிக்குப் பம்பை என்று நம் பாட்டன்கள் பிரித்துக்கொண்டது. என்னைவிட எட்டு மாதம் மூத்தவன் நீ, பெரியப்பன் மகன், அதனால் நீ உள்ளே, நான் வெளியே. வலது பூ விழுந்தது. நீ அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். அதுதான் உன் ஆட்சேபணையில்லாக் கடிதம்.

ஏஜெண்ட் விண்ணப்பத்திலிருந்து காளியம்மனை அடித்தான். சாமை விதைப்பதையும் கிடா வெட்டுவதையும் அடித்தான். எங்கோ ஓர் ஊரில் ஏழு வருடம் ஆகமம் படித்ததாக முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றைச் சேர்த்தான். சேர்ந்தாற்போல் ஏழு நாள் நீ மலையை விட்டு வெளியே தங்கியதில்லை.

சென்னையில் விசா அலுவலகத்துக்குள் நீ மட்டும் போனாய். உள்ளே நடந்ததைத் திரும்பும் பஸ்ஸில் சொன்னாய், ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவன்போல. எந்த வருடம் அங்கே சேர்ந்தீர்கள் என்று கேட்டார்களாம். "நான் அங்க படிக்கலிங்க, போளூர்ல ஒருத்தரு எழ்தினாரு" என்றாயாம். பிறகு காகிதத்தைப் பிரித்துக் காய்ந்த பூவை நீட்டி, "எங்காத்தா உத்தரவு குட்த்துட்டாங்க, இதாங்க" என்றாயாம்.

ஆரணி தாண்டும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏழு வருடத்தை மனப்பாடம் பண்ணத் துப்பில்லாத நீயெல்லாம் மனுசனா என்றுகூடக் கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்லிட்டுப் போயி அவ எதுர்ல எப்பிட்றா நிக்கறது?" என்றாய். ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

போலிச் சான்றிதழ் கொடுத்தவர் என்று எழுதி உன் பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மை சொன்ன ஒரே ஆளுக்குப் போலி என்று பெயர். எழுதிக் கொடுத்தவன் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தான். கமிட்டிக்கோ அவசரம். மலை மேலிருந்து ஓர் ஆள் வந்தால் போதும், அது பூசாரியா பம்பைக்காரனா என்று பார்க்க அவர்களுக்குக் கண் ஏது? ஏஜெண்ட் எனக்குப் போன் செய்தான். "நீ போறியா?"

காசுக்காகப் போனேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அண்ணா. பிறந்ததிலிருந்து வாசலுக்கு வெளியே நின்று அடித்தவன் நான். உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு தடவை உள்ளே நிற்கவேண்டும் என்கிற பொறாமை. ஏழு வருடத்தையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்தேன். குருநாதர் பெயர், விடுதியில் என்ன சாப்பாடு, எல்லாம். விசா அலுவலகத்தில் கேட்டவர்களுக்கே என்மேல் மரியாதை வந்தது. ஆத்தாளிடம் பூ மட்டும் நான் கேட்கவில்லை. என்ன சொல்வாள் என்று தெரியும்.

நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் ஏற்றிவிட வந்தாய். "போய்ட்டு வா. அவள நல்லா பாத்துக்கோ. ஏழு வருசம் படிச்சேன்னு அவ கிட்டயும் சொல்லிட்டுக் கீறாத" என்றாய்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவள் தனியாக ஒன்றும் இல்லை. சுற்றிலும் செல்போன்கள். விளக்கு என்று இருந்தது பேட்டரியில் எரியும் மெழுகுவத்திப் பொம்மை. மந்திரம் ஸ்பீக்கரில் ஓடும், நான் வாயசைக்கவேண்டும். கூடவே குடுமி வளர்க்கச் சொன்னார்கள். அசல் மலைப் பூசாரிக்கு ஏது குடுமி என்று அந்த அறிவாளிகளில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. என் வாயசைப்பைப் பார்த்து ஒரு டாக்டரம்மா கண்ணீர் விட்டு, இப்படி ஓர் உச்சரிப்பை நான் கேட்டதே இல்லை என்றாள். ஸ்பீக்கர் நல்ல கம்பெனி.

பிறகு பங்குனி வந்தது. அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, உங்கண்ணன் புளி உலுக்க ஏறுனாரு. கொம்பு முறிஞ்சிடுச்சி. போய்ட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஆறு நாள் குழந்தை ஞாபகம்தான் வந்தது. உனக்கும் நினைவிருக்கும். திருவிழாவுக்கு முந்தின நாள், படவேட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் உறவு ஜனமெல்லாம் மேலே வந்தாயிற்று, கிடாக்கள் கட்டியாயிற்று, நான் பம்பைத் தோலை நெருப்பில் காட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மேட்டில் ஒரு பங்காளி வீட்டில் பிறந்து ஆறே நாளான குழந்தை இறந்துவிட்டது என்று சேதி வந்தது. திருவிழா இல்லை என்றாய். ஊரே உன்னை ஏசியது. ஆறு நாள் புள்ளைக்கெல்லாம் யாருண்ணா தீட்டு பாக்கறாங்க என்று நானும் கேட்டேன்.

"பங்காளி பங்காளிதான்டா. தீட்டுன்னா இன்னா? எல்லா வேலையும் நிறுத்திட்டு ஒக்காந்து அழுவறது. அதுக்காவ நாம அழுவலன்னா வேற யாரு அழுவறது?"

போனை வைத்துவிட்டுக் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். மறுநாள் அவர்களுக்குப் பங்குனி உற்சவம். எங்கண்ணன் செத்துட்டாருங்க என்றேன்.

"கூடப் பிறந்த அண்ணனா?"

"பெரியப்பன் மகன். பங்காளி."

"ஓ, கசின்தானே" என்றார், முகம் தெளிந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. குடுமிய எடுத்துடாதீங்க, போஸ்டர்ல போட்டோ போட்டாச்சு."

"தீட்டுங்களே" என்றேன்.

"நீங்க சொன்னாத்தானே தீட்டு?"

அந்த ஆளை நான் வாழ்நாள் முழுக்க வெறுக்கலாம். அது சுலபம். ஆனால் மறுநாள் காலையில் குளித்து, பட்டு கட்டி, கருவறைக்குள் போய் நின்றது அவர் இல்லை. உன் உடம்பை இங்கே எடுத்த நேரத்தில் அங்கே ஸ்பீக்கர் பாட, நான் வாயசைத்தேன். ஆசைப்பட்ட முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினாறு நாளும் அப்படியே. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அழவும் இல்லை, மை கலைந்துவிடும் என்று. ஆமாம், உற்சவத்துக்குக் கண்ணுக்கு மை வேறு தீட்டிவிட்டார்கள்.

விசா முடிந்து போன மாதம் வந்தேன். அண்ணி சாமைக் களத்தில் இருந்தாள். தலை நிமிர்ந்து என் குடுமியைத்தான் பார்த்தாள்.

"உங்கண்ணன் காரியத்துல பதினோரு பங்காளிங்களும் மொட்ட அட்ச்சாங்க. பன்னெண்டாவது தல இதான் போல கீது."

அவள் வீட்டுக்குள் போய் ஒரு காகித மடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அவுரு பொட்டியில கெடந்துது. மறுபடியும் போறியாமே, எட்த்துனு போ. உனக்குத்தான் யாரும் உத்தரவு குடுக்கலியே" என்றாள். உன் அரளிப்பூ. நிறம் போய், தொட்டால் உதிரும் பக்குவத்தில் இருந்தது.

இந்த ஒரு மாதத்தில் மேல்காட்டுப் பக்கம் நான் போகவில்லை. எனக்குத் தீட்டு இன்னும் கழியவில்லை, எப்படிப் போவேன்?

நேற்று சாயங்காலம் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தேன். பெயர், ஊர், படிப்பு என்று போய், கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. 'இதற்கு முன் அளித்த விண்ணப்பத்தில் பொய்யான தகவல் ஏதும் தந்ததுண்டா?' போன தடவை அதுதான் முதல் விண்ணப்பம், கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை'யில் கோடு போட்டேன். இந்தத் தடவை 'ஆம்' கட்டத்தில் போட்டேன். கீழே விளக்கம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். ஒரு வரியே போதுமாக இருந்தது. 'அந்த ஏழு வருடமும் நான் எங்கள் ஊரில் பம்பை அடித்துக்கொண்டிருந்தேன்.' ஏஜெண்ட் இதைப் பார்த்துக் குதிப்பான். அனுப்ப மாட்டேன் என்றால் நானே தபாலில் போடுவேன்.

இன்று காலை ஜமுனாமரத்தூருக்கு நடந்து போய்க் குடுமியோடு தலையை மழித்துக்கொண்டேன். மீசையையும் எடுக்கச் சொன்னேன். அப்படியே பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனேன், விண்ணப்பத்துக்குப் புதிய போட்டோ ஒட்டவேண்டும். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து ஸ்டுடியோக்காரர் என் தலையைப் பார்த்தார்.

"இன்னாங்க, யாரு போய்ட்டாங்க?"

"எங்கண்ணன்."

"அடடா. எப்போ?"

"ஒண்ணர வருசம் ஆவுது."

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் உன் பூ இருந்தது. உதிர்ந்துவிடக்கூடாதே என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"கைய எறக்குங்க. நேரா பாருங்க. அழுவாதீங்க, அழுதா இந்த போட்டோவ வாங்க மாட்டாங்க" என்றார்.

நாலு தடவை எடுத்துப் பார்த்தார், அண்ணா. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

உன் பம்பைக்காரன்