சீனித் தட்டுக்கு அடியில்

ஈஸ்டருக்கு மறுநாள், 1933

நேற்று பக்கத்து வீட்டுக்கு முறுக்கு அனுப்பினோம். இன்று அந்தத் தட்டு சீனியோடு திரும்பி வந்தது. "வெறுந்தட்டாக் கொடுக்கல பாரு, மரியாதை தெரிஞ்ச குடும்பம்லா!" என்று அப்பாவே வாங்கி வந்து என்னிடம் தந்தார். சீனியைக் கொட்டினால், அடியில் அந்த வீட்டு அண்ணன் அக்காவுக்கு எழுதிய கடிதம். இருவரும் பேசவே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

"சொல்லிடாதேடி" என்று அக்கா அழுதாள்.

கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையை டிராய் நகரத்தார் தாங்களே உள்ளே இழுத்த கதையைப் போன வாரம் வகுப்பில் படித்தபோது சிரித்தேன். கிரேக்கர்கள் மோசக்காரர்கள் என்று எழுதினேன். அப்படியானால் அக்கா? எனக்குப் புரியவில்லை. கடிதத்தை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

அப்பா கதவைத் தட்டினார். "இன்னும் பாடமாம்மா?"

"ஆமாம்பா" என்றேன்.