நிற்கிற சுவர்

2005 அக்டோபர் 27, வியாழன்

தூறல் விடவில்லை. பெங்களூரில் ஓசூர் ரோடு முழுக்க ஜாம். ஆபீஸில் ஜூனியர் இன்ஜினீயர்கள் எல்லோருக்கும் வெள்ளச் சேத மதிப்பீடு. எனக்கு அடுகோடிப் பக்கம், ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரத்து வீடுகள். டேப், கேமரா, மதிப்பீட்டுப் பாரம். எல்லாச் சுவரிலும் இடுப்பளவுக்குக் கறை. பாரத்தில் இரண்டே கட்டங்கள்: முழுச் சேதம், பகுதிச் சேதம். ஊறிப்போன அரிசி, மெத்தை, பள்ளிப் புத்தகத்துக்கு இடமே இல்லை. செருப்பு அறுந்தது.

அக். 28, வெள்ளி

செல்வி வீடு. கிருஷ்ணகிரிக்காரர்கள். அவள் தையல்; கணவர் முருகேஷுக்கு பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஒரே அறை. பின்சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. விரிசலில் என் விரல் போகிறது.

"இதுக்குள்ள பிள்ளைங்கள எப்படி மேடம் படுக்க வைக்கறது?"

போட்டோ எடுத்தேன். முழுச் சேதம் என்று எழுதினேன்.

சாயங்காலம் எங்கள் மேலதிகாரி ஏ.இ.இ. பாரத்தைப் பார்த்தார்.

"சுவர் நிக்குதா?"

"நிக்குது சார். ஆனா இடிச்சுட்டுதான் கட்டணும்."

"நின்னா பகுதிச் சேதம். அஷ்டே, அவ்ளோதான்."

அவரே அடித்துத் திருத்தினார். பகுதிச் சேதத்துக்குக் கிடைக்கிற நிவாரணப் பணத்தில் பூச்சு வேலைகூட முடியாது.

அக். 29, சனி

காஸ் புக் பண்ணணும். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

செல்வி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப விழுந்திருந்தா முழுசுன்னு எழுதியிருப்பீங்களா?"

"ஆமா" என்றேன். விதி அதுதானே. வேறென்ன சொல்ல.

அக். 31, திங்கள்

வெயில். நாளை தீபாவளி. மிச்ச வீடுகளுக்குப் போகும் வழியில் பார்த்தால், செல்வி வீட்டுக்குப் பின்சுவர் இல்லை. நேற்று முருகேஷும் அவர் தம்பியும் கடப்பாறை போட்டுத் தள்ளிவிட்டார்கள். கூரை ஷீட்டும் கீழே. வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் தையல் மெஷின், இரண்டு பிள்ளைகள்.

"இப்ப விழுந்திருச்சு மேடம். மாத்தி எழுதிக்குங்க."

முருகேஷ் என்னைப் பார்க்காமல் உடைந்த கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

தள்ளிப் போய் ஏ.இ.இ.க்கு போன்.

"லிஸ்ட் சனிக்கிழமையே மேல போயாச்சும்மா. போட்டோல சுவர் நிக்குது. இடிச்சது அவங்க. நீங்க கிளம்பி வாங்க."

திரும்பி வந்தேன்.

"பெரிய சார்கிட்ட பேசுவீங்களா மேடம்?"

பேசிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பேசறேன்" என்றேன்.

"பேசுங்க மேடம். அதுவரைக்கும் நாங்க இப்படியே இருந்துக்கறோம்" என்று ஸ்டூலை முந்தானையால் துடைத்து, நான் உட்காரப் போட்டாள்.