இடது பையில் பூதக்கண்ணாடி

உங்கள் பூதக்கண்ணாடி கிடைத்துவிட்டது. எங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால். நீங்கள் போனதிலிருந்து கார், கராஜ், கோட்டுப் பைகள் என்று ஒரு இடம் விடாமல் தேடியிருக்கிறேன். சாம்பார் பொடி பாக்கெட்டில் எக்ஸ்பைரி தேதி பார்க்கிறேன் என்று சமையலறைக்குள் வந்தவர், அங்கேயே வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறீர்கள். போன செவ்வாய்க்கிழமை விடாத மழை. வெளியே போக முடியாமல் டப்பாக்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்ந்த பித்தளை விளிம்பு கையில் பட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது.

மற்ற வீட்டு ஆம்பிளைகள் பூதக்கண்ணாடி வைத்து நாணயம் பார்ப்பார்கள், தபால்தலை பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் பார்த்தது, ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்கே குதிரையில் சுற்றிக்கொண்டிருந்த ஊர்க்காவல் அதிகாரிகளான ஷெரிஃப்களின் இடுப்பை. யாராவது பரணில் கிடைத்த பழைய போட்டோவை இணையக் குழுவில் போட்டு, இவர் வைத்திருப்பது என்ன துப்பாக்கி, சேணம் எந்த ஊர் வேலை என்று கேட்பார்கள். பகல் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் நீங்கள், சட்டையைக்கூட மாற்றாமல் அரிசோனாக்காரருக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவீர்கள். "உங்கள் தாத்தா ஷெரிஃபா?" என்று ஒருத்தர் கேட்டாரே, நினைவிருக்கிறதா? "இல்லை, திண்டுக்கல்லில் மளிகைக் கடை" என்று நீங்கள் எழுதியதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இந்தத் தென்கோடித் தீவு நாட்டில் வீடு வாங்கும்போதும் இதே கூத்துதான். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல மர வீடு வந்தது. நீங்கள் பிளாக்ஹவுஸ் பேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். பெயரிலேயே காவல் கோட்டை இருக்கிறதாம். வந்து பார்த்தால் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு பேக்கரி, டெய்ரி என்கிற ஒரு பெட்டிக்கடை, ஒரு மருந்துக் கடை. "பேருக்காக மார்ட்கேஜ் கட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். "கடல் இருக்குல்ல?" என்றீர்கள். கடல் இருந்தது. அதுவும் பாதி நேரம் வற்றிப்போய்ச் சேறாகக் கிடக்கும்.

முதலில் எனக்கு உங்கள் ஷெரிஃப்கள் மேல் எரிச்சல்தான். சாப்பாட்டு மேஜையில் ரசம் வைக்க இடமில்லாமல் மீசைக்காரர்கள் படுத்துக் கிடப்பார்கள். பிறகு எப்படியோ நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். துப்பாக்கியை நம்பாதே என்பீர்கள். "அது ஸ்டூடியோக்காரன் கையில திணிச்சதா இருக்கும். தேஞ்ச இடத்தை யாரும் வாடகைக்கு எடுக்க முடியாது." நிஜமாகவே குதிரையில் திரிந்தவனின் பூட்ஸில், சேணத்தில் கால் மாட்டும் அங்கவடி உராய்ந்த தழும்பு பாதத்தின் நடுவில் இருக்கும். துப்பாக்கி உறையின் வாய் கை பட்டுப் பட்டுப் பளபளத்திருக்கும். சும்மா வேஷம் கட்டி நின்றவனுக்கு, குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டிய முள் புதுக்கருக்கு அழியாமல் மின்னும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நெகட்டிவ் இல்லாமல் நேராக இரும்புத் தகட்டிலேயே படம் எடுப்பார்களாம். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழும். தெரியாதவர்கள் அதைப் பார்த்து, இடது கையால் சுடுகிற ஷெரிஃப் என்று கதை கட்டிவிடுவார்கள். நீங்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவீர்கள். ரிவால்வரில் தோட்டா போடும் சின்னக் கதவு வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. துப்பாக்கி சரியாகத் தெரியவில்லையென்றால் சட்டைப் பொத்தான். ஆம்பிளைச் சட்டையில் பொம்பளைச் சட்டை மாதிரிப் பொத்தான் இடப்பக்கம் இருந்தால் விஷயம் தீர்ந்தது. இந்தப் போட்டியில் நான் ஒரு தடவைகூட உங்களை முந்தியதில்லை. இது நேரான படம்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். நீங்கள் பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தி, "இன்னொரு தரம் பாரு" என்பீர்கள். அந்தக் குரலில் இருக்கும் நிதானத்தைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன்.

இவ்வளவு தெரிந்த மனிதர் குதிரை ஏறிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நம் பெண் நித்யா, மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப் போனாள். நீங்கள் சேணத்தைச் சுற்றி வந்து, வாரை இழுத்துப் பார்த்து, பண்ணைப் பெண்ணுக்கே பாடம் எடுத்தீர்கள். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் குதிரையின் வலப்பக்கம் நின்று காலைத் தூக்கினீர்கள். குதிரை தலையைத் திருப்பி உங்களை ஒரு பார்வை பார்த்தது. "அதர் சைட், மேட்" என்றாள் அந்தப் பெண். இடப்பக்கமிருந்துதான் ஏற வேண்டும் என்று எனக்கே நீங்கள்தான் சொல்லித் தந்திருந்தீர்கள். "தகட்டுப் படத்தையே பாத்துப் பாத்துப் பக்கம் மாறிப் போச்சு" என்று அசடு வழிந்தீர்கள். வீடு வந்து சேரும் வரை நானும் நித்யாவும் அதர் சைட், அதர் சைட் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீங்களும் சிரித்தீர்கள்.

ஒரு படம் மட்டும் உங்களை விடவில்லை. ஒரு இளவயது உதவி ஷெரிஃப், கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறான். எல்லோரையும் போலக் கேமராவை முறைக்கவில்லை. கண் ஓரமாக எங்கோ போகிறது. உதட்டில் சிரிப்பு வந்துவிடும் போலிருக்கிறது. பல நாள் அதையே எடுத்து எடுத்துப் பார்ப்பீர்கள். "துப்பாக்கி என்ன, சேணம் யார் தைச்சது, எல்லாம் சொல்லிடலாம். யாரைப் பாக்குறான்னு மட்டும் எவனாலும் சொல்ல முடியாது" என்றீர்கள். "பொண்டாட்டியா இருக்கும். சாப்பிட வாங்க" என்றேன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தீர்கள். நிமிரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

ஊரார் படத்தையெல்லாம் அலசியவருக்கு, மாட்டி வைக்க ஒரு நல்ல படம் இல்லை. உறவுக்காரர் கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் கடைசி வரிசை, யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக் கோட்டு சூட்டு ஒட்டித் தருவார்கள் என்று ஊரிலிருந்து சொன்னார்கள். உங்கள் தலையை எவனோ ஒருவன் கழுத்தில் ஒட்டவா? முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் நித்யா உங்கள் பழைய போனைக் குடைந்து ஒரு படத்தை எடுத்தாள். நம் பே கடற்கரையில் நீங்களே உங்களை எடுத்துக்கொண்டது. பின்னால் சிவப்பாகப் பூத்த போஹுட்டுகாவா மரம், நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பாதிச் சிரிப்பு. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஃப்ரேம் போடும் யாழ்ப்பாணத் தம்பியிடம் கொடுத்துப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறார் என்றார்கள்.

எனக்கு மட்டும் அது நீங்களாக இல்லை. காலையில் காபியோடு எதிரில் நின்று பார்ப்பேன். மூக்கு உங்களுடையது, காது உங்களுடையது, வழுக்கையும் சந்தேகமில்லாமல் உங்களுடையதுதான். ஆனாலும் எனக்குத் தெரியாமல் உங்களுக்கு ஒரு அண்ணன் இருந்து, அவர் வந்து சுவரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் ஒரு முகம், திறந்தால் வேறு முகம். முப்பது வருடம் பார்த்த முகத்தை அதற்குள் மறக்க ஆரம்பித்துவிட்டேனா என்று பயந்து போனேன். நித்யாவிடம் சொன்னேன். "அம்மா, யூ ஆர் கிரீவிங். மெமரி அப்படித்தான் ட்ரிக் பண்ணும்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அதில்தான் பயம் கூடியது. படம் சரி, நினைவுதான் தப்பு என்றால், நாளாக ஆகச் சுவரில் இருப்பவர்தான் மிஞ்சுவார். என்னிடம் இருக்கும் நீங்கள் கரைந்து போவீர்கள். அடுத்த மாதம் வருஷத் திதி. அன்றைக்கும் அந்த அண்ணனுக்குத்தான் மாலை போட்டுக் கும்பிட வேண்டுமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை, சமையலறைத் தரையிலிருந்து எழுந்து பூதக்கண்ணாடியை நைட்டியில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். "இந்தாங்க, கிடைச்சிருச்சு" என்று படத்திடம் நீட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. படத்தில் உங்கள் சட்டைப் பை உப்பியிருந்தது. உள்ளே இதே பூதக்கண்ணாடி. பித்தளை விளிம்பு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பை, வலது மார்பில் இருந்தது.

உங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள் நான். ஒன்றில்கூட வலப்பக்கம் பை கிடையாது. நாற்காலியைப் போட்டு ஏறி, பூதக்கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி வைத்துப் பொத்தானைப் பார்த்தேன். பொம்பளைச் சட்டை மாதிரி இருந்தது. சிரிக்கும்போது உங்களுக்கு இடது வாயோரம்தான் மேலே ஏறும். இங்கே வலது ஏறியிருந்தது. உங்கள் போனின் முன்பக்கக் கேமரா, கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றியே படத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வீட்டுக்குள் ஒரு தகட்டுப் படத்தை மாட்டி வைத்து இத்தனை நாள் பூ வைத்திருக்கிறோம். அப்படியானால் தப்பு என் நினைவில் இல்லை. நான் உங்களை மறக்கவில்லை. நாற்காலி மேலேயே நின்று, ஃப்ரேமில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன்.

அழுது முடித்ததும் முதலில் தோன்றியது, உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். உங்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்த முதல் படம் இது. நீங்கள் அங்கே இருப்பது போலக் கராஜ் பக்கம் திரும்பிக் கூப்பிடக்கூடப் போய்விட்டேன். மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

மறுநாளே படத்தைத் தூக்கிக்கொண்டு ஃப்ரேம் கடைக்குப் போனேன். "தம்பி, இது பக்கம் மாறியிருக்கு" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். "ஓம் அக்கா, கண்ணாடியில பாக்கிற மாதிரித்தான் விழுந்திருக்கு. சில போன் இப்பிடித்தான் செய்யும். நானும் கவனிக்கேல்லை. நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்றார். பொத்தானைப் பார்த்து என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, படத்தை இடம் வலம் திருப்பித் திரையை என் பக்கம் காட்டினார்.

வந்துவிட்டீர்கள். அந்த அண்ணன் போய், என் மனிதர் அங்கே இருந்தார். கடை நடுவில் நின்று "ஏங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். தம்பி, "இந்தக் கதிரையில இருங்கோ அக்கா" என்று இழுத்துப் போட்டுவிட்டு, அச்சடிக்க உள்ளே போனார்.

பழைய படத்தையும் திரும்ப வாங்கி வந்தேன். தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் நீங்கள் பார்த்துக்கொண்ட முகம் அது. எறிய மனம் வரவில்லை. அலமாரியில் உங்கள் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நித்யா தகனினியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தாள். கூடத்தில் நின்று, "என்ன சேஞ்ச் பண்ணினே?" என்று கேட்டாள். "இன்னொரு தரம் பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா முன்னாடி டோரைப் பார்த்தார். இப்ப உன் சேரைப் பாக்குறார்" என்றாள்.

உண்மைதான். இத்தனை நாள், எப்போது கிளம்பலாம் என்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது ஜன்னலோரம் நான் உட்காரும் நாற்காலியைப் பார்க்கிறீர்கள். அன்று கடற்கரையில் "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டீர்கள். காற்றில் தலைமுடி பறக்கிறது, இந்தக் கோலத்தில் படமா என்று, ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் இடப்பக்கம் தள்ளி நின்றேன். நீங்கள் போனை ஏற்றியும் இறக்கியும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "ஷெரிஃப் சார், டீ ஆறுது" என்றேன். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினீர்கள். வாயோரம் ஏறியது. அந்த நேரத்தில் விரல் பட்டுப் படம் விழுந்தது.

என்றைக்காவது இந்தப் படம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கிடைக்கும். உங்களைப் போல ஒரு கிறுக்கு மனிதர் அதை வைத்துக்கொண்டு, பையில் இருப்பது பூதக்கண்ணாடி என்பார், மரம் என்ன மரம் என்பார், சட்டை எந்தக் காலத்துச் சட்டை என்றுகூடச் சொல்லிவிடுவார். யாரைப் பார்க்கிறார் என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது.

என்னைத்தான். டீ ஆறுதுங்க.