வட்டி வேண்டாம் என்றவன்

கோப்பெங், மலாயா,
1922 மார்ச், ரஜபு பிறை பதினாறு

என் வீட்டையும் மானத்தையும் அங்கே கட்டிக் காத்துவரும் லத்தீபாவுக்கு, கடையிலிருந்து முகமது இப்ராஹிம் ஸலாம் சொல்லி எழுதுவது. என் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லை. மனசுக்குத்தான் பேங்கு வைத்துவிட்டது. உன் கடிதமும், அதன் அடியில் நம் மகள் சக்கீனா எழுதிய இரண்டு வரியும் கிடைத்தன. பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைப் படித்து, கடையில் ஆள் இருப்பதையும் மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மாதமாக ஏன் பாதிப் பணம்தான் வருகிறது என்று கேட்டிருந்தாய். நான் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டதாக ஊரில் பேச்சு என்றும் எழுதியிருந்தாய். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் உனக்கு உள்ளது உள்ளபடி தெரியவேண்டும்.

போன வருஷம் ரப்பர் விலை விழுந்தது உனக்குத் தெரியும். மலையடித் தோட்டத்தில் பால்வெட்டைக் குறைத்தார்கள், பிறகு கூலியைக் குறைத்தார்கள், பிறகு ஆட்களையே குறைத்தார்கள். அதுவரை அந்த ஜனங்களுக்கு அரிசியும் கருவாடும் கடனாகக் கொடுத்தது நான்தான். வயிறு விலைவாசி பார்த்தா பசிக்கிறது? எனக்கு மொத்தச் சரக்குக் கொடுக்கும் ஈப்போ சீனன், அந்த அரிசித் தவுக்கேக்கு நான் பணம் கொடுக்க வேண்டிய நாளில், தோட்டத்திலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த செக்குக்குப் பேங்கில் போதிய பணம் இல்லை. இருந்தும் பேங்கு அந்தச் செக்கைத் திருப்பாமல் பணத்தைக் கொடுத்துவிட்டது.

நம் பாசார்க் கடைக்காரர்களுக்குள் கைமாற்று என்றால் உனக்குத் தெரியும். இன்று அவன் எனக்குக் கொடுப்பான், நாளை நான் அவனுக்குக் கொடுப்பேன், நடுவில் ஒரு காசு கூடுதல் கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் பழமோ இனிப்போ சேர்த்துக் கொடுத்தால் அதுவே மரியாதை. பேங்கும் அப்படித்தான் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறது என்று இந்த மடையன் நினைத்துவிட்டேன். பினாங்கு அல்வா ஒரு தட்டு வாங்கி, பேங்குத் துரைக்கு நன்றி சொல்லி அனுப்பினேன் லத்தீபா! அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

அல்வாத் தட்டு திரும்பி வருவதற்கு முன்னால் கடிதம் வந்தது. இருப்புக்கு மேல் எடுத்ததற்கு ஓவர்டிராப்ட் என்று ஒரு பெயராம். அதற்கு வட்டி, வட்டிக்கு மேல் கமிஷன், அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பியதற்கும் கூலி! நீ கடன்காரன் என்று எனக்குச் சொல்வதற்கு என்னிடமே காசு. அந்தக் காசையும் கடனிலேயே ஏற்றி, கடன் ஏறிவிட்டது என்று மறுபடியும் ஒரு கடிதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

எடுத்தது நான். அசல் என் கடன். அதை இல்லையென்று சொல்ல எனக்கு நாக்கு வராது. உனக்கு அனுப்பும் பணத்தில் பாதியை நிறுத்தி, மாதாமாதம் கொண்டுபோய்க் கட்டினேன். இது அசலுக்கு, வட்டி நான் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கட்டினேன். அவர்களோ வருகிற பணத்தை முதலில் வட்டிக்கும் கமிஷனுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சட்டமாம். அசல் அப்படியே நிற்கிறது. ஹலாலாக நான் கொண்டுபோன பணம் அந்த மேஜையைத் தாண்டியதும் ஹராமாகிவிடுகிறது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நம் கடன்காரர்களையும் சொல்கிறேன் கேள். வேலை இல்லாதவர்களைச் சர்க்காரே கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறது. போகிறவர்களில் பலர் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. செல்லாயி என்று பால்வெட்டுகிற பெண், புருஷனை இழந்தவள், அவள் மட்டும் ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். அண்ணே, ஒங்க கடனோட கப்பல் ஏறுனா எனக்குச் சோறு எறங்காது, இத வச்சுக்குங்க, பாக்கிய மன்னிச்சுடுங்க என்றாள். அவள் பட்ட கடனுக்கு அந்த ஆடு கால்வாசி பெறாது. முழுசும் தீர்ந்தது தாயி, போய் வா என்றேன். கணக்கு அப்படித்தான் தீரும், மனுஷனுக்கு மனுஷன் என்றால்.

பேங்கில் கணக்கெழுதும் அப்பாவு கிராணி என்று நம்மிடம் பிரியமாக இருப்பவர் ஒருவர் உண்டு. நேற்றுக் கடைக்கு வந்து ஒரு வழி சொன்னார். பதினோரு வருஷம் நான் பேங்கில் பணம் போட்டு வைத்தேன் அல்லவா, அதற்கு அவர்கள் கொடுக்கவேண்டிய வட்டி வேண்டாம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை இப்போது கேட்டு வாங்கினால் இந்தக் கடன் மொத்தமும் அடைபட்டு, கப்பல் டிக்கெட்டுக்கும் மிஞ்சுமாம். ஒரு கையெழுத்துதான மொதலாளி, போட்டுட்டு ஊருக்குப் போங்க லா என்றார். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் அவரைக் கடையை விட்டுப் போகச் சொல்லிவிட்டேன். உன் வாப்பா எனக்குப் பெண் கொடுத்ததே இது வட்டி தின்னாத வீடு என்பதைப் பார்த்துத்தான். கடை போனாலும் போகட்டும், அந்தக் காசை என் கையால் தொடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நிக்காஹுக்கு இன்ஷா அல்லாஹ் வந்துவிடுவேன். பிள்ளையிடம் சொல். துஆச் செய்.

உன் முகமது இப்ராஹிம்

•

சிலிம் ரிவர்,
1922 ஏப்ரல், ஷஃபான் பிறை இருபது

லத்தீபாவுக்கு முகமது இப்ராஹிம் ஸலாத்துடன் எழுதுவது. ஊர்ப்பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. போய்க் கேட்டுவிட்டேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுவாரம் அரிசித் தவுக்கே சரக்கை நிறுத்திவிட்டான். பேங்கு என் செக்குகளைத் திருப்ப ஆரம்பித்த செய்தி ஈப்போ முழுக்கப் பரவியிருந்தது. அதற்கு அடுத்த நாள், கடைக்குச் சீல் வைக்கக் கோர்ட்டுக்குப் போவதாகப் பேங்கிலிருந்து நோட்டீஸ். அன்று மதியம் ளுஹர் தொழுகையில் எனக்கு ஓதல் மறந்துபோயிற்று. சக்கீனாவின் முகம்தான் கண்ணில் நின்றது. தொழுது முடித்ததும் ஈப்போவுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

துரை என்னை உட்காரச் சொன்னார். அப்பாவு கிராணி பக்கத்தில் நின்று என் பேச்சை இங்கிலீஷில் சொன்னார். நான் திட்டி அனுப்பியதை அந்த மனுஷர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷத்து வட்டியைத் தாருங்கள் என்று நான் கேட்டேன். இந்த வாயால் கேட்டேன் லத்தீபா. கேட்கும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் கழற்றினேன் என்று கேட்காதே.

துரை என் பழைய காகிதக் கட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. உன் மார்க்கத்துக்காக நீயே விட்டுக்கொடுத்தது, அதைப் பேங்கு மதிக்கிறது, இப்போது திருப்பிக் கேட்பது உனக்கு அழகா என்றாராம். அப்பாவு கிராணி இதைத் தமிழில் சொல்ல மாட்டாமல் சொன்னார். வெளியே வந்ததும், மன்னிச்சுக்குங்க மொதலாளி, நாந்தான் ஒங்கள கெடுத்துட்டேன் லா என்று என் கையைப் பிடித்தார். அவர் என்ன செய்வார்?

என்ன நியாயம் பார். நான் வாங்காத வட்டி என் மார்க்கம், அதில் அவர்கள் தலையிட மாட்டார்கள். நான் கொடுக்கிற வட்டி அவர்கள் சட்டம், அதில் என் மார்க்கம் தலையிடக் கூடாது. இரண்டு வழியிலும் காசு அவர்கள் பெட்டிக்குத்தான் போகிறது. பழைய கட்டைத் தேடி எடுத்த கூலி என்று அதற்கும் ஒரு வெள்ளியைக் கடனில் ஏற்றினார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று என்னை நானே சொல்லிக்கொண்டு ரயிலேறினேன்.

கடையைச் சரக்கோடு பேங்குக்கே விட்டுவிட்டேன். இங்கே ஒரு துணிக்கடையில் கூலிக்கு நிற்கிறேன். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. கடை போனதற்கு நான் அழவில்லை. கடை போனாலும் வாக்குக் காத்தவன் என்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் நிமிர்ந்தே நடப்பேன். இப்போது கடையும் இல்லை, அந்தப் பெருமையும் இல்லை. ஹராமைத் தின்னவில்லை என்று நீ சொல்வாய். கொடுத்திருந்தால் தின்றிருப்பேன். அல்லாஹ்வுக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியவேண்டாம்.

நிக்காஹைத் தள்ளிப் போடாதே. என் இடத்தில் உன் தம்பி முகம்மது கௌஸ் இருந்து பிள்ளையைக் கைப்பிடித்துக் கொடுக்கட்டும். அதற்கான சம்மதத்தை இரண்டு சாட்சியோடு தனியாக எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். வாப்பாவுக்கு வேலை ஓயவில்லை என்று சக்கீனாவிடம் சொல். கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். அழவிடாதே.

இன்னொன்று, இதை நன்றாக மனதில் வை. நம் நிக்காஹில் நான் கொடுத்த உன் மஹர் நகை உன்னுடையது. அதில் எனக்கு ஒரு குன்றிமணிகூட உரிமையில்லை. அதை யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. கடன் தீர்க்க, கடை திறக்க, கப்பலேறி ஊர் வர என்று எதைச் சொல்லி நானே கெஞ்சி எழுதினாலும், என் கையெழுத்தைப் பார்த்து இரங்கிவிடாதே. ஒருமுறை கேட்கக் கூடாததைக் கேட்டுப் பழகிவிட்டேன். இனி இந்த வாயை நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் யாரிடமும் கையேந்தாமல் வைப்பானாக.

முகமது இப்ராஹிம்