மூன்றாம் வரியை வெட்டச் சொன்னார்கள்

என் ஜெசிந்தா அக்கா,

நீ போன பிறகு வந்த முதல் பருவத்தில் கொல்லைப் பேரிக்காய் மரம் கிளை முறியக் காய்த்தது. அதைச் சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். கத்துகிறவனோடு நீ பேசமாட்டாய் என்பதால் குரலை உயர்த்தாமல் எழுதுகிறேன். வெளியார் கண்ணிலும் இது படட்டும் என்று விரும்புகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பஸ் நிலையத்துக்கு மேலே சரிவில் இருக்கும் வாசகசாலையில் ஜன்னலோர அலமாரி உன்னுடையது. ஆரம்பப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே அங்கே போய் உட்கார்ந்தாய். சுற்றுலா வந்தவர்கள் ஓட்டல் அறைகளில் விட்டுச் சென்ற ஆங்கில நாவல்களை, அங்கே அறை சுத்தம் செய்யும், உன்னிடம் ஆங்கிலம் கற்ற செல்வி உன்னிடம் கொண்டுவருவாள். மாதக்கணக்கில் வைத்திருந்தும் யாரும் திரும்பக் கேட்காத புத்தகங்கள். பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதினருக்காக எழுதப்பட்டவை. டிராகன்மீது ஏறிப் போருக்குப் போகும் பெண்கள், சாபம் வாங்கிய இளவரசர்கள், கல்லூரி விடுதிக் காதல்கள். சிலவற்றின் நடுவே படகுச் சவாரிச் சீட்டு அப்படியே இருக்கும்.

ஒவ்வொன்றையும் நீ முழுதாகப் படித்த பிறகுதான் அலமாரியில் வைத்தாய். பின்னட்டையின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினாய். புத்தகம் ஆங்கிலத்தில், சீட்டு தமிழில், மூன்றே வரி. முதல் வரி, இந்தக் கதை யாருக்கு. இரண்டாவது, எங்கே சலிக்கும். மூன்றாவது, எங்கே கவனம் வேண்டும். அதன்கீழ் இடம் விட்டிருப்பாய். படித்து முடித்தவர் விரும்பினால் தம் வரியை எழுதலாம்; பெயர் போட வேண்டியதில்லை. இந்த ஊர் ஈரத்தில் பசை நிற்காது, சீட்டு உதிர்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் நகலும் எடுத்து வைத்திருந்தாய்.

அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுத்தவன் நான்தான், அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். இந்த மலையின் அறிவு விளக்கு நீ என்று செயலாளர் பேசினார். எனக்குக் கண் கலங்கியது. உன் மதிப்புரைகளை ஒரு சிறு நினைவு மலராக அச்சிடலாமே என்று நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வி போன் செய்தாள்.

"சார், வெரசா கெளம்பி வாங்க. டீச்சர் அலமாரியில பாதிக்கு மேல காலி. எல்லாம் ரெண்டு சாக்குல கட்டிக் கெடக்கு. நாளைக்கிப் பழைய பேப்பர் வண்டி வருதாம்."

அன்று வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தேன். சாக்குகள் கதவோரம் இருந்தன. செயலாளர் எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

"குழு முடிவுங்க சார். பொம்பளப் புள்ளைங்க வந்து போற எடம். முத்தம், சூனியம், வீட்ட விட்டு ஓடிப்போறதுன்னு இருக்கு. நாளப்பின்ன ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல?"

"எந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் உன் நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம், மூன்றாம் வரிகள் எல்லாம் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டிருந்தன.

"நாங்க எங்க சார் தேடுனோம்? டீச்சரே ஒண்ணுவிடாம எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்களே!"

அலமாரியைப் பார்த்தேன். நீ இரண்டாம் வரியில் 'தொடக்கம் முதல் முடிவுவரை சலிக்கும்' என்றும், மூன்றாம் வரியில் 'ஒன்றுமில்லை' என்றும் எழுதிய நான்கு புத்தகங்கள் பத்திரமாக நின்றன.

"இதுல ஒண்ணையாவது நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் தேநீரைக் குடித்தேன்.

முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். உன் சமையலறை மேசையில் கிடக்கும் அந்த மினுமினுப்பு அட்டைகளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதுக்கெல்லாமா அக்கா மதிப்புரை?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? ஒருமுறை நீ கத்தியை என் பக்கம் நகர்த்தினாய். "படிச்சிட்டுப் பேசு. இல்லேன்னா இந்தக் காரட்ட நறுக்கு." நான் காரட்டை நறுக்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழுவைக் கூட்டுங்கள், அதுவரை சாக்கை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரங்கல் கூட்டத்தில் பேசிய வாய்க்கு மறுக்க முடியவில்லை. கைக்கு வந்த ஐந்து புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உன் வீட்டிலேயே தங்கி, அன்றிரவே முதலாவதைப் பிரித்தேன்; ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கும்போது கடைசிப் பகுதிக்கு வந்திருந்தேன். கடலுக்குள் உப்பால் கட்டிய ஒரு நகரம். அதைக் காக்கப் பிறந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. முதல் நூறு பக்கங்கள் அரச வம்சங்களின் பெயர்ப் பட்டியல். அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. ஆனால் அவள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கும் அத்தியாயத்தில் ஓர் உவமைகூடக் கிடையாது. குளிர், மூச்சு, கால், அவ்வளவுதான். அப்படி ஒரு பக்கம் எழுது என்றால் என் மாணவர்களால் முடியாது. என்னாலும் முடியாது.

கண்டக்டர் அட்டையை எட்டிப் பார்த்தார். "என்ன சார், மகளுக்கா?"

"இல்லீங்க, எனக்குத்தான்."

"அப்பக் கத நல்லாத்தான் இருக்கும்போல. நீங்க எறங்கித் திண்டுக்கல் பஸ் மாற வேண்டிய வத்தலக்குண்டு எப்பவோ போயிருச்சு."

நிலக்கோட்டையில் இறங்கினேன். அங்கே நின்றபடி உன் சீட்டைப் படித்தேன். 'உன்னால் முடியாது என்று யாரோ சொல்லிவிட்ட பிள்ளைக்கு. நூறாம் பக்கம்வரை சலிக்கும்; பெயர்களை மனப்பாடம் செய்யாதே. கடைசி அத்தியாயத்துக்கு முன் தாய் இறக்கிறாள். அம்மா இல்லாதவர் அந்த இடத்தைத் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம்.' நான் ஐம்பத்தாறு வயதில், நிறைந்த பஸ்ஸில் படித்திருந்தேன். பக்கத்தில் ஆள் இருந்தது நல்லதாயிற்று.

இரண்டாவதை நீ 'கட்டாயம் படி' என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இருவரும் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் காதல் முப்பதாம் பக்கத்தில் கைகூடியிருக்கும். முந்நூறு பக்கம் மழையில் நின்றிருக்க வேண்டாம். நான் அதில் எதைத் தவறவிட்டேன்? இனி யாரிடம் கேட்பது?

மூன்றாவதுதான் நீ 'பூட்டு இளவரசன்' என்று பட்டப்பெயர் வைத்த கதை. பனிமலைக் கோட்டை, அழகான அரசகுமாரன், ஊரிலிருந்து தூக்கி வரப்பட்ட பெண். நடை வழுக்கிக்கொண்டு போகிறது. கீழே வைக்க முடியவில்லை. அவளைப் பகைவரிடமிருந்து காப்பதற்காக அவன் இரவுதோறும் அவள் அறையை வெளியிலிருந்து பூட்டுகிறான். அதைப் படிக்கையில் எனக்கும் உறுத்தவில்லை, அக்கா. பின்னட்டைக்குப் போன பிறகுதான் உறுத்தியது. உன் மூன்றாம் வரி: 'அவன் கதவைப் பூட்டுகிறான். இதைக் காதல் என்று கதை சொல்கிறது. நான் சொல்லமாட்டேன்.' அதன்கீழ் நீல மையில் வேறொரு கையெழுத்து: 'நானும் சொல்லமாட்டேன்.'

கூட்டத்துக்காக முந்தின இரவே வந்து உன் வீட்டில் தங்கியிருந்தேன்; அன்று வெள்ளனே செல்வி அங்கே வந்தாள். அந்தப் புத்தகம் மேசைமேல் இருந்தது. எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினாள்.

"இது என் எழுத்துதான் சார்."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அப்ப எனக்கு ஒரு மாப்பிள்ள பேசி முடிச்சிருந்தாங்க. எம் போன வாங்கி வாங்கிப் பாப்பாரு. யார்கூடப் பேசுன, எதுக்குச் சிரிச்சன்னு கேப்பாரு. ஆசையிலதான் கேக்குறாருன்னாங்க எல்லாரும். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இந்தக் கதையில அவன் பூட்டுறப்பக்கூட எனக்கு நல்லாத்தான் சார் இருந்துச்சு. பொறவு டீச்சர் சீட்டப் பாத்தேன். மறு வாரமே கல்யாணம் வேணாம்னுட்டேன். எங்கம்மா ஒரு மாசம் எங்கூடப் பேசல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எங்கிட்டுத் தெரியும்? பேர் போட வேண்டியதில்லன்னு அவுங்கதான சொன்னாங்க."

உனக்குத் தெரியாமல் போன இந்தச் செய்தியைச் சொல்லவே இந்தக் கடிதம். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதிக்கோங்க சார். எம் பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். உனக்கு ஆள் தெரியும்.

குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். உப்பு நகரத்துச் சீட்டையும் பூட்டு இளவரசன் சீட்டையும் படித்துக் காட்டினேன். இவை குற்றப் பட்டியல் அல்ல, வழிகாட்டிகள். நீங்கள் வழிகாட்டியை வைத்தே வழியை அடைத்திருக்கிறீர்கள் என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். செயலாளர் தலையசைத்தார்.

"சார் சொல்றதுல ஞாயம் இருக்கு. ஒண்ணு செய்வோம். புத்தகம் எல்லாம் அலமாரியிலயே இருக்கட்டும். அந்த மூணாவது வரிய மட்டும் கத்தரிச்சிருவோம். எழுதியிருந்தாத்தான நாலு பேருக்குத் தெரியும்?"

மேசைமேல் கத்தரிக்கோல் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புத்தகத்துக்குள் இருப்பதைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. ஒருத்தி அதைக் கண்டு, இன்னது என்று எழுதிவிட்டாளே, அதுதான் கவலை.

தயங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த ஜன்னலோரம் பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. மாணவியர் விடுதிப் பெண்களுக்குக் கோயிலை விட்டால் அங்கே மட்டும்தான் போக அனுமதி. நான் தலையசைத்தால் மாலைக்குள் எல்லாப் புத்தகமும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பூட்டு இளவரசனும் திரும்பிவிடுவான், கதவைப் பற்றி ஒரு சொல் இல்லாமல். அதை ஒரு பெண் எடுத்துப் போவாள். அவளுக்கும் அது நல்லாத்தான் இருக்கும்.

"சாக்கை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"எதுக்கு சார் இம்புட்டுப் பிடிவாதம்? போறது ஒரு வரிதான?"

"ஒரு வரிதாங்க. எங்கக்கா படிச்சதே அந்த வரிய எழுதத்தான்."

நோட்டையும் எடுத்துக்கொண்டேன். சிவப்புப் பென்சிலை அவரிடமே விட்டுவிட்டேன். நான் குரலை உயர்த்தவில்லை; நீ இருந்திருந்தால் மெச்சியிருப்பாய். கோபம் இன்னும் தணியவில்லை; தணிய வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை. பாதிக்கு மேல் காலியான உன் அலமாரிக்குமேல் இப்போது உன் படத்தை மாட்டிப் பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் கும்பிடுகிறார்கள்.

தனியாள் ஆண்பிள்ளை நான் வந்து தங்கும் உன் வீட்டுக்கு விடுதிப் பெண்களை அனுப்பமாட்டார்கள்; அது சரியும்கூட. ஆகவே புத்தகங்கள் செல்வி வீட்டு முன்னறையில் இருக்கின்றன. கோயிலுக்கும் விடுதிக்கும் நடுவே, வழியிலேயே. முதல் ஞாயிறு இரண்டு பேர்தான் வந்தார்களாம். மூன்றாம் ஞாயிறு ஒன்பது பேர். ஒருத்தி பாச்சலூர்ப் பெண். உப்பு நகரத்தின் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டு உயிரை எடுக்கிறாளாம். எந்தச் சுற்றுலாப் பயணியாவது விட்டுப் போனால்தான் உண்டு என்று சொல்லச் சொன்னேன்.

போன மாதம் ஓட்டலிலிருந்து புதிதாக ஒன்று வந்தது. பறக்க முடியாத டிராகனும் பேசத் தயங்கும் பெண்ணும். நீ படிக்காத முதல் புத்தகம். நான் படித்துச் சீட்டு எழுதினேன்: 'வாய் திறக்க அஞ்சுகிறவர்களுக்கு. நடுவில் நாற்பது பக்கம் போர், தாண்டிப் போகலாம். தோழி ஒருத்தி துரோகம் செய்கிறாள்; நெருங்கிய தோழியோடு சண்டையில் இருந்தால் சமாதானமான பிறகு படி.' புத்தகம் திரும்பி வந்தபோது அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: 'போரைத் தாண்டாதீர்கள். அதுதான் நல்ல இடம். சீட்டு எழுதியவர் சரியாகப் படிக்கவில்லை.'

அந்த நாற்பது பக்கத்தை முதல் தடவை புரட்டித் தள்ளியிருந்தேன்; திரும்பப் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. இரண்டாம் வரியை அடித்துத் திருத்தி, அவள் வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.

முழுதாகப் படிக்காமல் இனி ஒரு சீட்டும் எழுதமாட்டேன், அக்கா. மூன்றாம் வரியை யாருக்காகவும் வெற்றாக விடமாட்டேன். அதன்கீழே இடம் விட மறக்கமாட்டேன்.

காரட் நறுக்கியே இத்தனை காலம் தப்பித்துவந்த
உன் தம்பி,
அருள்