பகலில் ஒரு தம்ளர் தண்ணீர்

பிப். 28, 1994. திங்கள்

இல்லை, பிடிவாதம் என்று சொல்ல முடியாது. பிடிவாதம் என்றால் அழுவாள், காலை உதைப்பாள். சஃபி அழுவதே இல்லை. தம்ளரை வாங்கி, மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, "நான் நோன்பும்மா" என்கிறாள். நாலரை வயது.

வெயில் ஆரம்பித்துவிட்டது. காலையில் ஸ்வெட்டர். பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை.

சஃபிக்கு மறுபடியும் சிறுநீர் எரிச்சல். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எரியும்மா. வேணாம். உள்ளயே இருக்கட்டும்."

மல்லேஸ்வரம் டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டினார். "மருந்து பாதி வேலைதான் செய்யும். மிச்சம் தண்ணி. வெறும் தண்ணி. ஜூஸ் கீஸ் எல்லாம் பேடா, வேண்டாம்." அவளிடம் குனிந்து, தண்ணி குடிக்கணும், சரியா என்று கன்னடத்தில்: "நீரு குடிபேக்கு புட்டி, ஆய்த்தா?" சஃபி "ஆய்த்து" என்றாள். பஸ் ஏறியதும் பாட்டிலைத் தள்ளிவிட்டாள்.

முழு நோன்பும் இல்லை. சோறு சாப்பிடுகிறாள். பிஸ்கட் சாப்பிடுகிறாள். தண்ணீருக்கு மட்டும் நோன்பு. தனக்கு ஒத்துவந்த பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர்கள் செய்யாததா.

மார்ச் 1, செவ்வாய்

வெறும் தண்ணீர் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. அதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. கொடுத்தது நாங்கள்தான். ரமலான் முதல் வெள்ளி, விளையாட்டுக்கு அரைநாள் நோன்பு வைக்கவிட்டோம். இவருடைய அக்காவான மதினி மருதாணி இட்டுப் பூ வைத்தார். மாமனார் (எனக்கு மாமா, இவருக்கும் மதினிக்கும் அத்தா) தோளில் தூக்கிக்கொண்டு ஒக்கலிபுரம் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "என் பேத்தி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல, பாத்துக்குங்க!"

ஒரு சொட்டுத் தண்ணி. அதை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

இன்று முயன்றவை: பூப்போட்ட தம்ளர். உறிஞ்சுகுழல். பொம்மைக்கு முதலில். எலுமிச்சைத் துண்டு மிதக்கவிட்டு (எலுமிச்சையைத் தின்றுவிட்டாள்). கெஞ்சல். கத்தல். கத்தியதற்காகக் கெஞ்சல்.

நோன்பு திறக்கும் நேரத்தில் ரோஸ் சர்பத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி வெளிற வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது தண்ணி. வேஷம் போட்டிருக்கு."

மாமாவே அவளை அழைத்துச் சொன்னார்: "கண்ணு, சின்னப் புள்ளைங்களுக்கு நோன்பு கடமை இல்லடா."

"அப்ப நீங்க குடிங்க தாதா."

"நான் எப்படிடா?"

"யாருமே குடிக்கல. நான் மட்டும் ஏன்?"

மதினிக்குச் சிரிப்பு. "உன் மக வக்கீலுக்குத்தான் படிப்பா."

இவர் பொம்மசந்திராவிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே: "தாகம் எடுத்தா தானா குடிப்பா, விடு." தாகம் எடுக்கிறது. உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாள். எடுத்தும் குடிக்கவில்லை. அதுதான் பயம்.

மார்ச் 3, வியாழன்

பெண்களுக்கான பயான், மார்க்கச் சொற்பொழிவு. பக்கத்துத் தெரு மாடி, மூன்று மின்விசிறிகளில் ஒன்று ஓடியது. பேசிய ஆலிமா (மார்க்கம் படித்தவர்) என்னைவிடச் சின்னவர். எழுந்து, பகலில் தண்ணீர் குடிக்க மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டேன். குரல் நடுங்கியது. எம்.ஏ. வைவாவில் நடுங்காத குரல்.

அவர் சொன்னது: உட்கார்ந்து, வலது கையால், பிஸ்மில்லாஹ் சொல்லி, மூச்சு விட்டு விட்டு மூன்று தடவையாகக் குடிக்கப் பழக்க வேண்டும். அடிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. "வாயால சொன்னா புள்ளைங்க கேக்காது. பக்கத்துல உக்காந்து நீங்க குடிச்சுக் காட்டுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி: "ரமலான் பகல்லயா ஆலிமா?"

ஒரே சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். "சரி, நமக்கு நோன்பு இல்லாத நாள்ல."

சிரிப்பு நின்றது. எல்லோரும் பாயைப் பார்த்தோம். எல்லோருக்கும் உள்ள நாட்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத நாட்கள்.

மார்ச் 4, வெள்ளி

நேற்று மாலை மாதவிலக்கு. நோன்பு கூடாது, தொழுகை இல்லை. இருந்தும் விடியுமுன் எழுந்து, சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் உட்கார்ந்தேன். கல்யாணமான வருடம் மதினி சொன்னது: "ஆம்பளைங்க இருக்குற வீடு. தெரியக் கூடாது." அம்மா வீட்டிலும் இதேதான். யாரும் சட்டம் போடவில்லை. எல்லோரும் கடைப்பிடிக்கிறோம்.

மதியம் சமையலறைக் கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சொம்போடு அவசரமாகக் குடித்தேன். பெண் உடலைப் பற்றி நாற்பது பக்கம் கட்டுரை எழுதியவள். திரும்பினால் சஃபி.

"அம்மா, திருட்டுத்தனமா குடிக்கிறியா?"

"இல்லடா, வாய் கொப்பளிச்சேன்."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. குழந்தையிடம் சொல்லும் பொய்யும் பொய்தான் என்று நேற்றுப் பயானில்தான் கேட்டுவிட்டு வந்தேன்.

நாலு மணிக்கு மாத்திரையோடு தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்! வாய் நிறைய எடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக வாஷ்பேசினுக்குப் போய், அத்தனையும் துப்பினாள். மாத்திரையும் சேர்ந்து.

"நானும் கொப்பளிச்சேன்மா."

மார்ச் 5, சனி

காய்ச்சல். சிறுநீர் தேயிலைச் சாயம் போல. கொஞ்சம்தான் வந்தது, அதற்கே கத்தினாள்.

டாக்டரம்மாவுக்கு மூலைக் கடையிலிருந்து போன். "இவத்து, இன்னிக்கு, சாயங்காலம் வரைக்கும் பாருங்க. குடிக்கலைன்னா அட்மிட், ட்ரிப்ஸ். கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா கஷ்டம்மா." போனை வைத்த பிறகும் கடைக்காரர் முன்னால் அப்படியே நின்றிருக்கிறேன். "ஏனம்மா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

வீடு. நடுக்கூடம். மாமா நாற்காலியில், பேப்பரோடு. மதினி குர்ஆன் ஓதிக்கொண்டு. சஃபி பாயில் சுருண்டு, கண் மட்டும் பெரிதாக. மணி பன்னிரண்டு இருக்கும்.

பானையிலிருந்து இரண்டு தம்ளர் மொண்டு வந்தேன். அவள் பக்கத்தில், கூடத்து நடுவில் உட்கார்ந்தேன். மதினியின் ஓதல் நின்றது.

"அம்மா நேத்து பொய் சொன்னேன் சஃபி. கொப்பளிக்கல, குடிச்சேன். அம்மாவுக்கு இப்ப நோன்பு இல்ல. அல்லாஹ்வே வேண்டாம்னு சொன்ன நாளு. உனக்கும் வேண்டாம்னு சொல்லிட்டான்."

மாமாவின் பேப்பர் முகத்துக்கு நேராக ஏறியது.

"என்ன காரியம் பண்றே நீ? அத்தா இருக்காரு," மதினி, பல்லைக் கடித்துக்கொண்டு. "மானம் போவுது."

"போகட்டும் மதினி."

பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். முழு தம்ளரும். விழுங்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது போலிருந்தது. காது சுட்டது. மாமா எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மதியத் தொழுகைப் பாங்குக்கு நிறைய நேரம் இருந்தது.

சஃபி என் காலித் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். விரல் விட்டுப் பார்த்தாள்.

பிறகு தன் தம்ளரை எடுத்தாள். ஒரு மடக்கு. முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள்.

"நல்லாவே இல்ல."

"இல்லதான்."

"நீ இன்னும் குடி. அப்பதான் நானும்."

எழுந்துபோய்ப் பானையில் இன்னொரு தம்ளர் மொண்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தேன்.