நோயில்லாத ஈறு

அன்புள்ளவருக்கு,

போன வருஷம் உங்கள் ஆராய்ச்சிக்காக என் ஈறிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தீர்கள். நோயுள்ள ஈறுகளோடு ஒப்பிட, நோயில்லாத ஈறு எப்படியிருக்கும் என்று காட்ட தீசிஸில் அதைத்தான் வைத்தீர்கள். பிறகு பல் ஆடியபோதும், "ஒண்ணுமில்ல, நல்லா பிரஷ் பண்ணு" என்றீர்கள்.

நேற்று பிரேசர் டவுனில் பல் டாக்டர் கேரல் எக்ஸ்ரே எடுத்தார்.

"எலும்பு பாதி கரைஞ்சிருக்கு. ஈறு கெட்டா, பல்லைப் பிடிச்சிட்டிருக்கிற இணைப்புத் திசு செல்லே எலும்பைக் கரைக்கச் சொல்லிடும். உங்க வீட்டுக்காரர் தீசிஸே இதுதானே? சொல்லலையா?"

அந்தத் துணுக்கு கெட்டிருந்தது மைக்ராஸ்கோப்பில் உங்கள் கண்ணில் படவில்லையா? பட்டும், தீசிஸ் கெட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்துவிட்டீர்களா?

திங்கட்கிழமை டாக்டர் பல்லை எடுக்கிறார். எக்ஸ்ரேயை உங்கள் தீசிஸ் கைடிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவராவது பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி